பலகை எங்கே?

தோழா!

மருந்துச் சீட்டுடன் கடைக்குள் நுழைந்தேன். மருந்துடன் வெளியே வந்தேன். மருந்து கையில் இருந்தது, வண்டி இல்லை!

ஏழு நிமிடம், அதற்கு மேல் இராது. அன்னைக்கு இரத்தக் கொதிப்பு. இரவு வேளைக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. மறுநாள் நாடக ஒத்திகை, அதற்கடுத்த நாள் பொதுக்கூட்டம். இடையிலே கிடைத்த ஒரு மாலைப் பொழுதில் கடைத்தெருவுக்குப் போய், ஏற்கெனவே வரிசையாக நின்ற பத்துப் பதினைந்து வண்டிகளோடு என் பழைய ஸ்கூட்டரையும் நிறுத்திவிட்டு மருந்துக் கடைக்குள் போனேன். திரும்பினால் வரிசையே இல்லை. வெறும் தார்ச்சாலைதான் தெரிகிறது. எதிரேயிருந்த தேநீர்க்கடைக்காரர், நாள்தோறும் கண்டு சலித்த காட்சி என்பதுபோல, ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைக்காமலே, "தூக்கிட்டுப் போயிட்டாங்கய்யா! சந்தைக்குப் பின்னால மைதானம் இருக்கு, அங்க போய்க் கேளுங்க" என்றார்.

எந்த ஊர் என்று கேட்காதே, தோழா. சொன்னால் அந்த ஊர்த் தோழர்கள், "நம் ஊரைக் குறை கூறிவிட்டாரே!" என்று வருந்துவர். மற்ற ஊர்த் தோழர்கள், "நல்லவேளை, நம் ஊர் அல்ல!" என்று நிம்மதி கொள்வர். வருத்தமும் வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். உன் ஊர் என்றே எண்ணிக்கொள். பெரிதும் தவறு நேராது.

மைதானத்தில் முள்வேலிக்குள்ளே நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள், போர்க்களத்தில் பிடிபட்ட குதிரைகளைப்போல, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. வேலிக்கு வெளியே வண்டிக்கு உரியவர்கள் நின்றனர். மேடையேறிப் பழகிய எனக்கு எத்தனையோ கூட்டங்களின் முகம் தெரியும். கோபத்தோடு கூடும் கூட்டம் தெரியும், குதூகலத்தோடு கூடும் கூட்டமும் தெரியும். இது வேறு. செய்த குற்றம் இன்னதென்று அறியாமலே குற்றவாளிகளாகிவிட்டவர்களின் கூட்டம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கையிலே காய்கறிப் பையுடன் நின்றார். உணவுப் பொட்டலத்தை முதுகிலே சுமந்த இளைஞன் ஒருவன், சூடு ஆற ஆறத் தன் கூலியும் ஆறிப் போவதைக் கைபேசியிலே பார்த்துக்கொண்டு நின்றான். துணிக்கடையிலே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "எட்டு மணிக்குள்ள வண்டி கெடைக்குமா அண்ணா? பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டிருக்கேன்" என்று என்னைக் கேட்டாள். அதிகாரி என்று எண்ணிக் கேட்டாளோ, வெள்ளை வேட்டியைக் கண்டு கேட்டாளோ, அறியேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அவளைப்பற்றி ஒரு சொல். கடையிலே பகல் முழுதும் நின்றுகொண்டே பணியாற்றுவோர்க்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் செய்யப்பட்டது. நல்ல சட்டம், மனிதத் தன்மையுள்ள சட்டம். மேடைதோறும் நாம் பெருமையுடன் கூறிவந்த சட்டம். ஆனால் பார், தோழா! அவள் உட்கார இடம் தந்தோம்; அவள் வண்டி நிற்க இடம் தரவில்லை. அவள் வேலை பார்க்கும் கடையின் வாசலில், வாங்க வருவோரின் கார்களுக்கு இடம் உண்டு, அவற்றை ஓட்டிச் சென்று நிறுத்திவர ஆளும் உண்டு. வேலைக்கு வருவோரின் வண்டிகளுக்கு? "வெளியே எங்காவது விட்டுக்கொள்." அந்த 'எங்காவது'தான் கடைசியில் முள்வேலியிலே வந்து முடிந்தது.

என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கும் எனக்கும் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"ஐயா, என் வண்டியை ஏன் எடுத்து வந்தீர்கள்?"

"நிறுத்தக் கூடாத இடத்திலே நிறுத்தினீர்."

"கூடாது என்று கூறும் பலகை எங்கே?"

"அங்கேதான் இருக்கிறது."

"என் கண்ணில் படவில்லையே!"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே!"

"இப்போது தெரிந்துவிட்டதல்லவா? அடுத்தவர் வாருங்கள்!"

நாடகம் எழுதுகிறவன் நான். இவ்வளவு கச்சிதமான காட்சியை எழுத எனக்கு மூன்று இரவுகள் பிடிக்கும். அவர் மூச்சு விடும் நேரத்தில் முடித்துவிட்டார். அபராதம் கட்டினேன், சீட்டுக் கிடைத்தது. வண்டியைத் தூக்கி வந்த கூலி என்று தனியே கேட்டனர். அதையும் கொடுத்துவிட்டு அதற்கும் சீட்டுக் கேட்டேன், சிரிப்புக் கிடைத்தது. பக்கக் கண்ணாடி உடைந்திருந்ததைக் காட்டினேன். "முன்பே உடைந்திருக்கும்" என்றனர்.

அனுதாபம் தேடி இதை எழுதவில்லை, தோழா. எனக்கு மேடை இருக்கிறது, ஏடு இருக்கிறது, எழுதினால் படிக்க நீ இருக்கிறாய். அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான், கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்த நான், அன்றிரவு வழக்கறிஞர் தோழர் ஒருவரிடமிருந்து சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து விளக்கடியில் உட்கார்ந்தேன்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதிலே 127ஆம் பிரிவு. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியையும், சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தப்பட்ட வண்டியையும் அப்புறப்படுத்தலாம். சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். இழுத்துச் செல்லும் செலவு உடைமைக்காரரைச் சேரும் என்கிறது. சரி, அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதை அளிக்கும்போதே அதற்கொரு கடிவாளமும் போட்டிருக்கிறது சட்டம். அந்த வட்டாரத்தில் அதிகாரமுள்ள, சீருடை அணிந்த காவல் அதிகாரி ஆணையிட வேண்டும்! தேநீர்க்கடைக்காரரைக் கேட்டேன். தூக்கிய வண்டியிலே சீருடை எதுவும் இல்லை; லுங்கியும் பனியனும்தான் இருந்தன என்றார். தடி எடுத்தவன் தண்டல்காரன் என்பது பழமொழி. இன்று கொக்கி எடுத்தவன் தண்டல்காரன்!

'சட்டப்படி தடை செய்யப்பட்ட இடம்' என்கிறதே, அந்தத் தடை எப்படிப் பிறக்கிறது? அரசோ, அரசால் அதிகாரம் பெற்ற அமைப்போ தடை விதிக்க வேண்டும். விதித்த தடையை மக்களுக்கு அறிவிக்கக் குறியீட்டுப் பலகைகளை நாட்ட 116ஆம் பிரிவு வழி செய்கிறது. அதோடு நின்றுவிடவில்லை. அடுத்த பிரிவான 117ஐப் படி. உள்ளாட்சி மன்றத்தைக் கலந்துகொண்டு, வண்டிகள் எங்கெங்கே நிற்கலாம் என்று இடம் குறிக்கும் பொறுப்பை அரசின் கையிலே அது கொடுக்கிறது. நிற்காதே என்று சொல்லும் பிரிவும், இங்கே நில் என்று சொல்லும் பிரிவும் அண்டை வீட்டுக்காரர்கள். நம் ஊர்களிலே முதல் வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. இரண்டாம் வீடு பூட்டிக் கிடக்கிறது!

அபராதத் தொகையைப் பார். பொதுப் பிரிவான 177இன் கீழ் முதல் குற்றத்துக்கு 100 ரூபாய் வரை என்றிருந்ததை, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 500 ரூபாய் வரை என்றாக்கிற்று. மறுபடி செய்தால் 300 வரை என்றிருந்தது 1500 வரை என்றாயிற்று. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்ந்த அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. வரவு ஐந்து மடங்கு உயர்ந்தது. வண்டி நிறுத்தும் இடம் ஐந்து மடங்கு உயர்ந்த ஊர் ஒன்றை நீ கண்டால் எனக்கு எழுது.

அதே 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது, எண் 210-பி. அதைக் கண்டதும் நள்ளிரவிலே வாய்விட்டுச் சிரித்தேன், அன்னை விழித்துக்கொண்டார்கள். இந்தச் சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரம் பெற்றவரே இந்தச் சட்டத்தை மீறினால், அவருக்கு இரு மடங்கு தண்டனை! எழுதியவரின் கைக்கு முத்தமிடத் தோன்றுகிறது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு உன் ஊர் நீதிமன்ற வாசலையும், காவல் நிலைய வாசலையும், ஆட்சியர் அலுவலக வாசலையும் நினைத்துப் பார். நடைபாதைமீது ஏறி நிற்கும் அரசு வண்டிகளை எண்ணு. அவற்றுள் எத்தனை இரட்டை அபராதம் கட்டியிருக்கும்? சட்டப் புத்தகத்திலே அந்தப் பிரிவு, பூசைக்கு வைத்த வாளைப்போலப் பளபளப்பாக, உறையைவிட்டு வெளிவராமல் இருக்கிறது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. ரோமாபுரியின் வீதிகளிலே வண்டி நெரிசல் தாளாமல், சூரியன் உதித்தது முதல் பகலின் பத்தாம் நாழிகைக் கூறு வரை சக்கர வண்டிகள் நகருக்குள் ஓடக் கூடாது என்று சட்டம் செய்தார்கள். ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். வெண்கலத் தகட்டிலே வெட்டப்பட்டு இன்றும் இருக்கிறது. நல்ல சட்டம் என்றுதானே எண்ணுகிறாய்? விதிவிலக்குகளைக் கேள். கோயில் கட்டக் கல் ஏற்றி வரும் வண்டிக்குத் தடையில்லை. பூசாரிகள் ஏறி வரும் வண்டிக்கு, குறித்த நாட்களில், தடையில்லை. வெற்றி வாகை சூடி வரும் தளபதியின் தேருக்குத் தடையில்லை. ரொட்டி மாவு ஏற்றி வந்த ஏழை வண்டிக்காரன் மட்டும் நகர வாயிலில் காளையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு பொழுது சாயக் காத்திருக்க வேண்டும். ஈராயிரம் ஆண்டுகள் உருண்டோடின. காளை போய் எந்திரம் வந்தது. காத்திருப்பவன் மாறவில்லை.

வண்டி நிறுத்தக் காசு வாங்கும் கருவி பிறந்த கதையோ வேறு வகையானது. 1935ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஒக்லகோமா நகரத்தில் முதற் கருவி நடப்பட்டது. மணிக்கு ஐந்து செண்டு. அதற்கு வழிகோலியவர் கார்ல் மகீ, ஒரு பத்திரிகையாளர். பெருமைப்படு, நம் இனம்! காலையிலே வந்து மாலை வரை கடைவீதியின் இடத்தையெல்லாம் சிலரே அடைத்துக்கொள்ள, பொருள் வாங்க வருவோர் சுற்றிச் சுற்றி வந்து திரும்பிப் போயினர். இடம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற வேண்டும் என்பதற்காகவே கருவி வந்தது. பகிர்ந்து கொடுக்கப் பிறந்த ஏற்பாடு அது. நம்மிடம் வரும்போது பறித்துக்கொள்ளும் ஏற்பாடாக உரு மாறிவிடுகிறது.

இடத்தை அடைத்தவர் யார், தோழா? இதுதான் கேள்வி. சென்னைத் தியாகராய நகருக்குப் போய் நின்று கேட்போம். 1920களில் நீதிக் கட்சி ஆட்சியிலே, ஏரியாகக் கிடந்த நிலத்தில் எழுந்த நகர் அது. பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. நடுவிலே பனகல் அரசரின் பெயரால் பூங்கா. கடைவீதிக்குச் சவுந்தரபாண்டியனார் பெயர். நம் வரலாற்றையே தெருப்பெயராகக் கொண்ட நகர். அகன்ற சாலையும் வீட்டைச் சுற்றித் தோட்டமுமாகத் தோன்றிய அந்நகரில் இன்று வணிக மாளிகைகள் வான் நோக்கி நிற்கின்றன. இத்தகைய மாளிகை எழுப்புவோர் இத்தனை சதுர அடிக்கு இத்தனை வண்டிகள் நிற்க இடம் விட வேண்டும் என்பது கட்டட விதி. வரைபடத்திலே தரைக்குக் கீழே ஒரு தளம் வரைந்து, 'வண்டி நிறுத்துமிடம்' என்று எழுதி, முத்திரை பெறுவர். கட்டி முடிந்தபின் போய்ப் பார்த்தால் அங்கே புடவை அடுக்கியிருக்கும், பாத்திரம் அடுக்கியிருக்கும். வரைபடத்தில் நின்ற கார்கள் எங்கே? சாலையில் நிற்கின்றன. சாலையில் நின்றிருக்க வேண்டிய மிதிவண்டியும் ஸ்கூட்டரும் எங்கே? முள்வேலிக்குள் நிற்கின்றன!

விதியை மீறிய மாளிகைகளுக்கு என்ன தண்டனை என்று கேட்பாய். 1998இல் நகர், ஊரமைப்புச் சட்டத்திலே 113-ஏ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28 வரை எழுந்த விதிமீறிய கட்டடங்கள் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. காலக்கெடுவைப் பிறகும் நீட்டிக்கொண்டே போக, 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், "ஒருமுறை என்றால் ஒருமுறைதான்" என்ற கருத்துப்பட முதற் சட்டத்தை மட்டும் ஏற்று, பின்வந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது. விட்டார்களா? 2012இல் 113-சி வந்தது. 2007 ஜூலை முதல் நாள் வரை எழுந்தவற்றுக்கு அதே வாய்ப்பு. ஆட்சிகள் மாறின, பிரிவின் எழுத்தும் ஏ-யிலிருந்து சி-க்கு மாறிற்று. எந்தக் கட்சி செய்தது என்று விரலை நீட்ட நினைக்கிறாயா? நீட்டு. ஆனால் எல்லாத் திசையிலும் நீட்டு.

எட்டு மாடி எழுப்பி விதியை மீறினால் 'முறைப்படுத்துதல்'. ஏழு நிமிடம் வண்டியை நிறுத்தினால் 'குற்றம்'. கல்லுக்கும் சிமெண்டுக்கும் மன்னிப்பு, சக்கரத்துக்குக் கொக்கி. ஆண்டுக்கணக்கில் நிற்கும் ஆக்கிரமிப்பை அசைக்க முடியாத அரசு எந்திரம், அசையக் கூடியது என்பதாலேயே ஸ்கூட்டரைத் தூக்குகிறது!

உன்னிடம் கைதட்டு வாங்குவதற்காக, "வண்டிகளை எங்கும் நிறுத்துவோம், காசும் கட்டோம், அபராதமும் கட்டோம்!" என்று நான் முழங்கலாம். முழங்க மாட்டேன். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அதாவது பன்னிரண்டரைச் சதுர மீட்டர். இருசக்கர வண்டிகள் ஆறினை அந்த இடத்தில் தாராளமாக நிறுத்தலாம். கூடை முடைபவர் ஒருவர் தொழில் நடத்தி ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற அதில் பாதி இடம் போதும். பொதுச் சாலையில் அவ்வளவு நிலத்தைப் பகல் முழுவதும் ஒருவர் இலவசமாக வைத்துக்கொள்வது உரிமையன்று; அதுவும் ஆக்கிரமிப்புத்தான், சக்கரம் வைத்த ஆக்கிரமிப்பு. வண்டி நிறுத்தும் கட்டணம், அது அடைத்துக்கொள்ளும் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே கூறிற்று. சப்பான் நாட்டிலே 1962 முதல் சட்டம் இருக்கிறது. கார் வாங்குவோர், அதை நிறுத்தத் தமக்கு இடம் உண்டென்று பொதுவாகக் காவல் நிலையத்திலே சான்று பெற வேண்டும். நம் நாட்டில் காருக்குக் கடன் தருகிற வங்கி, மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறது. எங்கே நிறுத்துவாய் என்று கேட்பதில்லை.

நடந்து போவோரை மறந்துவிட்டு வண்டிக்காரனுக்கு நீதி கேட்பவன் பாதி நீதி கேட்கிறான். நடைபாதைமீது வண்டி ஏறினால் தூக்கட்டும், நானே கை கொடுக்கிறேன். பாண்டி பசார் சாலையில் 2019இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் அச்சமின்றி அங்கே நடப்பதைக் காண மனம் குளிர்கிறது. அதை நான் குறை கூறவில்லை. நான் கேட்பது, எடுத்த இடத்துக்கு ஈடாக, வேலைக்கு வருகிறவனும் வருகிறவளும் கட்டக்கூடிய கட்டணத்தில், நடந்து எட்டக்கூடிய தொலைவில் ஓர் இடம். காருக்கு முன்பாக, இருசக்கர வண்டிக்கு. கட்டணத்துக்குச் சீட்டு, அந்தச் சீட்டிலே இடத்தின் பெயர், மணி, தொகை. தூக்கினால், தூக்கியவரின் பெயரும் சீருடையும், தூக்குமுன் எடுத்த படமும். கேமராவினால் பிடித்து அபராதம் விதிப்பதற்கு 2021ஆம் ஆண்டு விதி ஏற்கெனவே இருக்கிறது: அறிவிப்பு 15 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும், வழக்கு முடியும்வரை பதிவை அழிக்கக் கூடாது, கண்காணிப்பு நடக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். கருவி பிடித்தால் இத்தனை மரியாதை. கொக்கி பிடித்தால் மட்டும் எதுவும் இல்லையா?

தனியார் மாளிகைகள் வாசலிலே வாங்கும் கட்டணம் தனிக் கதை, சுருக்கமாக ஒன்று. தெலங்கானா மாநிலத்தில் 2018இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. வணிக வளாகங்களிலே முதல் 30 நிமிடத்துக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் ஒரு மணி நேரம் வரை, அங்கே பொருள் வாங்கிய சீட்டைக் காட்டினால் கட்டணம் இல்லை. அதற்கும் மேல், நிறுத்தும் கட்டணத்தைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தால் அப்போதும் இல்லை. ஒரு பக்கத் தாளில் அடங்கும் நீதி. நம் ஊர் மாளிகைகளோ, நுழைந்ததும் நீட்டும் கை, வெளியேறும்வரை மடங்குவதில்லை.

சரி, பலகைக்கு வருகிறேன். மறந்துவிட்டேன் என்று எண்ணினாயா?

மறுநாள் காலை அந்தக் கடைத்தெருவுக்குப் போனேன். பேருந்தில்தான். பலகை இல்லை என்று படம் எடுத்து, இந்த ஏட்டிலே வெளியிட்டு, மேசைக்குப் பின்னிருந்தவரின் முகத்திலே கரி பூச வேண்டும் என்பது என் திட்டம். தெருவின் இரு கோடியும் நடந்தேன். மருந்துக் கடைக்கு இருபது அடி தள்ளி, மின்கம்பத்தின் அருகே ஒரு இரும்புக் கம்பம். அதன் தலையிலே வட்டமான தகடு. பலகை இருந்தது, தோழா! ஆனால் அதன் முகம் தெரியவில்லை. முகத்தின்மேல் சுவரொட்டி. மாபெரும் பொதுக்கூட்டம், நாள், இடம். கீழே, சிவப்பு எழுத்தில், சிறப்புப் பேச்சாளரின் பெயர்.

என் பெயர்.

தேநீர்க்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தேநீர் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டார். துணிக்கடைப் பெண்ணின் அரை நாள் கூலியும் ஆசிரியரின் அபராதமும் யார் கணக்கிலே எழுதப்பட வேண்டியவை என்று அவர் கண் கேட்டதாக எனக்குத் தோன்றிற்று. முகம் மூடிய பலகையைப் பலகை என்று கொள்ளலாகாது என்று நான் வழக்காடலாம், வெல்லவும் கூடும். மூடியவன் யார் என்று எதிர்வாதி கேட்டால்?

அதுமட்டுமன்று. இன்னொன்றும் இருக்கிறது, இதுவரை யாரிடமும் கூறாதது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தில் நடந்த நம் கூட்டம். கட்டுக்கடங்காத மக்கள். மேடையில் நான் பேசிக்கொண்டிருந்தேன். தொலைவிலே அவசர ஊர்தியின் ஒலி. "வழிவிடுங்கள்!" என்றேன். மக்கள் கடல் பிளந்ததுபோல் விலகினர். அந்தக் கட்டுப்பாட்டை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன். மக்கள் விலகினர், வண்டிகள் விலகவில்லை. சாலையின் இரு மருங்கிலும் கொடி கட்டிய கார்களும் வேன்களும், வரிசைக்குள் வரிசையாக நின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் கூட்டத்துக்குள்ளே என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஒவ்வொரு வண்டியின் எண்ணாகப் படித்து, ஒலிபெருக்கியில் அழைத்து, அவர்கள் வந்து, எடுத்து, வழி பிறக்க ஏழு நிமிடம் ஆயிற்று. நான் மருந்து வாங்கிய அதே ஏழு நிமிடம். ஊர்தியில் இருந்தவர் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் துணிவு வரவில்லை.

அன்று நம் வண்டி ஒன்றைக்கூடக் கொக்கி தொடவில்லை, தோழா. யார் தொடுவார்? கொடி கட்டியிருந்ததே! ரோமாபுரியின் விதிவிலக்குப் பட்டியலில் நாமும் சேர்ந்துகொண்டோம். தளபதியின் தேருக்குப் பின்னால்.

உரிமை கேட்கும் குரல் கம்மிவிடாமலிருக்க வேண்டுமானால் தொண்டையிலே சிக்கிய முள்ளை முதலில் எடுத்தாக வேண்டும். அந்த ஊர்க் கிளைச் செயலாளருக்கு அன்றே கடிதம் எழுதினேன். அவர் நல்லவர், உழைப்பாளி. சுவரொட்டியைத் தம் கையாலேயே ஒட்டியவர். அடுத்த ஞாயிறு மாலை, அவரும் நானும் நான்கு தோழர்களும், வாளியும் தண்ணீரும் சுரண்டும் தகடுமாகக் கடைத்தெருவின் இரு கோடியும் நடந்தோம். அந்தத் தெருவில் ஐந்து பலகைகளின் முகம் வெளிப்பட்டது. மூன்றின்மேல் நம் சுவரொட்டி, ஒன்றின்மேல் எதிர்க்கட்சியினுடையது, ஒன்றின்மேல் மூலநோய் வைத்தியர் ஒருவருடையது. ஐந்தும் 'நிறுத்தாதே' பலகைகள். 'இங்கே நிறுத்துக' என்று ஒரு பலகைகூட அந்தத் தெருவில் இல்லை. அதைப் படம் எடுத்து, 117ஆம் பிரிவைக் குறித்து, நகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம். துணிக்கடையிலே வேலை பார்ப்போர் பலர் கையெழுத்திட்டுள்ளனர். பதில் வரவில்லை, முப்பது நாள் பார்த்துவிட்டு நேரில் போவதாக இருக்கிறோம்.

அடுத்த மாதம் அதே ஊரில் கூட்டம். பள்ளி மைதானத்தின் கிழக்குப் பாதியை வண்டிகளுக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறார் செயலாளர். சாலையில் ஒரு வண்டியும் நிற்காது. நிற்கும் வண்டியின் எண்ணை மேடையிலிருந்து படிப்பேன், கொடி கட்டியிருந்தால் முதலில் படிப்பேன். நீயும் வருவாய் அல்லவா? காரில் வந்தால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வா. எனக்கென்று மேடைக்குப் பின்னால் இடம் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்தார். வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான்.